கேக்குக்கு எத்தனை பங்கு?

டச்சுக்காரர்கள் மீது எனக்கு நெடுநாளாக ஒரு மனத்தாங்கல். 1613இல் பழவேற்காட்டில் கெல்டிரியா கோட்டையைக் கட்டி, 1690 வரை சோழமண்டலக் கரைக்கே அதைத் தலைமையிடமாக வைத்து, இங்கே உட்கார்ந்து வியாபாரம் பார்த்தவர்கள். இந்தக் கரையின் துணியைக் கப்பலேற்றிக் கிழக்குத் தீவுகளுக்குக் கொண்டுபோய், கிராம்பாகவும் ஜாதிக்காயாகவும் மாற்றிக்கொண்டார்கள். இன்று ஜகார்த்தா என்கிறோமே, அந்தப் பத்தேவியாவின் பக்கத்தில் இதே வாசனைச் சரக்கெல்லாம் சேர்ந்து ஸ்பெக்குக் என்ற அடுக்குக் கேக் உண்டாயிற்று. ஒரு கரண்டி மாவு ஊற்றி, மேலிருந்து அனல் காட்டி, அது வெந்ததும் அதன்மேல் அடுத்த கரண்டி. இப்படியே பதினைந்து, இருபது அடுக்கு.

ஜாவாவுக்கு அது. இலங்கைக்கு ப்ரூடர் கேக். பறங்கியர் வீடுகளில் கிறிஸ்துமஸுக்கு இன்றும் வெட்டுகிறார்கள். எங்களுக்கு? ஒரு கல்லறைத் தோட்டம். வாசலில் இரண்டு எலும்புக்கூடுகள் வேறு, கல்லில் செதுக்கி நிற்கவைத்திருக்கிறார்கள். கேக் கிடைக்காமல் காத்திருந்தவர்களோ என்னவோ.

எனவே எங்கள் லைட்ஹவுஸ் குப்பத்தில் பிறந்தநாளுக்கு ஒரு அடுக்குக் கேக் வேண்டுமென்றால் நாமே சுட வேண்டும், அல்லது பொன்னேரியில் வாங்கி பைக்கில் கொண்டுவர வேண்டும். பைக்கில் வருகிற கேக் பாலம் ஏறி இறங்குவதற்குள் ஒரு பக்கமாகச் சாய்ந்து, பேரில் பாதி பெட்டியின் மூடியில் ஒட்டிக்கொள்ளும்.

அதற்கு முன், பிறந்தநாள் எது என்பதே எனக்கு ஒரு வழக்கு. என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தவர் ஜூன் 1 என்று எழுதிவிட்டார். வகுப்பில் பாதிப்பேருக்கு அதே தேதிதான். அம்மாவிடம் கேட்டால் தேதி வராது, புயல்தான் வரும். "ஸ்ரீஹரிகோட்டா பக்கம் பெரும்புயல் கரை ஏறிச்சே, அது ஓஞ்சு மறுவாரம்." அது 1984 நவம்பர். ஆக அரசாங்கம் என்னை ஐந்தாறு மாதம் முன்கூட்டியே பெற்றுவிட்டது. ஓய்வூதியம் வாங்குகிற வேலையாக இருந்தால் கவலைப்படலாம். கேக்குக்கு அம்மா சொன்ன நவம்பரே போதும் என்று முடிவு செய்தேன்.

"யாருக்குப் பொறந்த நாளு?" என்றார் வீட்டுக்காரர்.

"எனக்கு."

"உனக்கு நீயே கேக் செய்றியா? இன்னா, உடம்பு கிடம்பு சரியில்லியா?"

குழந்தைக்குச் செய்தால் பாசம், புருஷனுக்குச் செய்தால் பக்தி, தனக்கே செய்துகொண்டால் டாக்டரிடம் காட்ட வேண்டும். எங்கள் ஊர் மட்டுமில்லை, எல்லா ஊரிலும் இதுதான் சட்டம்.

ஓவன் கிடையாது. அது பெரிய குறையும் இல்லை. கனமான பாத்திரத்தின் அடியில் மணலைப் பரப்பி, அதன்மேல் ஒரு வளையம் வைத்து, மாவு ஊற்றிய டப்பாவை உட்காரவைத்து மூடினால் அதுதான் ஓவன். மணல் சூட்டை வாங்கி வைத்துக்கொண்டு நிதானமாகத் திருப்பிக் கொடுக்கும், அடி கருகாது. மணலுக்கு எங்களிடம் பஞ்சமா? முகத்துவாரம் தூர்ந்துபோகிறது, தூண்டில் வளைவு போடுங்கள், தூர்வாருங்கள் என்று மனு எழுதியே தேய்ந்த ஊர்கள் இவை. நான் என் பங்குக்கு ஒரு சட்டி மணலை அப்புறப்படுத்தினேன். யாரும் நன்றி சொல்லவில்லை.

கஷ்டம் பாத்திரத்தில்தான். குப்பத்தில் மீன் வாடை ஏறாத பெரிய பாத்திரத்தைத் தேடுவது எவ்வளவு பெரிய வேலை என்பது தேடினால் தெரியும். கடைசியில், புரட்டாசி முழுக்கக் கவுச்சி தொடாத ஒரு சின்னம்மா வீட்டில் பொங்கல் குண்டான் அகப்பட்டது.

அடுத்தது எடை. பழைய கணக்கு ஒன்று உண்டு: முட்டை எத்தனை எடையோ அத்தனையே மைதா, சர்க்கரை, வெண்ணெய். நாலு முட்டை ஏறக்குறைய 200 கிராம், ஆகவே எல்லாமே 200. இறால் வாங்க வருகிற வியாபாரியின் தராசைக் கேட்டேன். கொடுத்தார். பழக்க தோஷத்தில் மைதாவுக்கும் தண்ணி எடை என்று கொஞ்சம் கழித்தார்.

கேக் வேகும்போது பாதியில் மூடியைத் திறக்கக் கூடாது. மாவுக்குள் காற்றும் ஆவியும் உப்பிக்கொண்டிருக்கும். முட்டையும் மைதாவும் இறுகுவதற்குள் சூடு இறங்கினால் நடுப்பகுதி உட்கார்ந்துவிடும். இதை அத்தையிடம் தெளிவாகச் சொல்லியிருந்தேன். "தொறக்கலடி, தூக்கித்தான் பாத்தேன்" என்றார். நடுவில் சிறிய பழவேற்காடு ஏரி ஒன்று உண்டாகியிருந்தது.

ஆனால் அடுக்குக் கேக்கின் பெருமையே அங்கேதான். பள்ளத்தை வெட்டி எறிந்துவிட்டு, மிச்சத்தைக் குறுக்கே அறுத்து அடுக்கினால் போனது எது, இருப்பது எது என்று ஒருத்தருக்கும் தெரியாது. கத்தி வைத்து அறுத்தால் கோணும். வலை பின்னும் தங்கூசி நரம்பில் புதிதாக ஒன்றை எடுத்து, கேக்கைச் சுற்றிக் கட்டி, இரண்டு முனையையும் எதிரெதிராக இழுத்தால் போதும். வீட்டுக்காரர்தான் இழுத்தார். ஒரு பிசிறு இல்லை. வலை வேலை செய்த கை.

நடுவில் வைக்க வெண்ணெய்க் க்ரீம் வேண்டாம் என்று விட்டுவிட்டேன். கடல் ஒரு பக்கம், ஏரி ஒரு பக்கம், நடுவில் ஐப்பசி கார்த்திகை ஈரக்காற்று. சர்க்கரை டப்பாவே கசிகிற ஊரில் க்ரீம் எங்கே நிற்கும்? கொழுக்கட்டைக்குக் கிளறுகிற தேங்காய் வெல்லப் பூரணத்தை இறுக்கிக் கிளறி அடுக்கினேன். க்ரீமைவிட இதுவே மேல் என்பது என் தீர்ப்பு, மேல்முறையீடு கிடையாது. மெழுகுவத்திதான் ஏற்ற முடியவில்லை. 1859 முதல் கலங்கரை விளக்கம் இருக்கிற ஊரில் ஒரு மெழுகுவத்தி நிற்காது, அப்படி ஒரு காற்று.

பிறகு வெட்டினோம். அங்கேதான் வந்தது வினை. எங்கள் கரையில் மீன் பிடித்து வந்தால் ஆளுக்கு மட்டும் பங்கில்லை. படகுக்கு உண்டு, வலைக்கு உண்டு. அந்த நியாயப்படி குண்டானுக்கு ஒரு பங்கு சின்னம்மா வாங்கிக்கொண்டார். தராசுக்கு ஒன்று வியாபாரிக்கு. தங்கூசிக்கு ஒன்று, இழுத்த கைக்கு ஒன்று, ஆக வீட்டுக்காரருக்கு இரண்டு. அத்தை, "நான் தூக்கிப் பாக்கலன்னா கருகியிருக்கும்" என்று வாதாடி ஜெயித்தார். எனக்கு ஆள் பங்கு மட்டும் வந்தது. பிறந்ததற்குப் பங்கு கிடையாதாம்.

உங்கள் பிறந்தநாளுக்கு நீங்களே கேக் சுடுங்கள், அதில் வெட்கமில்லை. ஆனால் குண்டான், தராசு, நரம்பு மூன்றையும் சொந்தமாக வாங்கி வைத்துக்கொண்டு அடுப்பைப் பற்றவையுங்கள்.