மாமாவிடம் சொல், டிஷ்ஷைத் தட்ட வேண்டாம்

ஸ்டுட்கார்ட், ஜெர்மனி
ஜூன் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நீ அனுப்பிய குரல்பதிவு கிடைத்தது. முதல் பாதி டிவியைப் பற்றிய புகார், மறு பாதி மாமாவைப் பற்றிய புகார், நடுவில் கொஞ்சம் கோயில் மணி. தூறல் விழுந்தாலே படம் கட்டம் கட்டமாகச் சிதறுகிறது, மாமா தறியை விட்டு எழுந்து மொட்டை மாடிக்குப் போய்க் கொடிக்கம்பால் டிஷ்ஷை நாலு தட்டு தட்டுகிறார், சில நாள் வருகிறது, பல நாள் இருந்ததும் போகிறது என்கிறாய். "நீதான் இன்ஜினியர் ஆச்சே, ஜெர்மனியில இருக்கறவங்களுக்கு இதெல்லாம் தெரியாதா?" என்று வேறு கேட்டிருக்கிறாய்.

ஜெர்மனியில் இருப்பவர்களுக்கு எல்லாம் தெரியும் என்ற நம்பிக்கையை முதலில் கைவிடு. போன மாதம் எங்கள் வீட்டுத் தோட்டத்தில் நடந்த கூத்தைச் சொல்கிறேன். மாமாவுக்கும் படித்துக் காட்டு. பேச்சுவார்த்தை இல்லையென்றால் அம்மாவை விட்டுப் படிக்கச் சொல்.

இந்த ஊருக்கும் டிவிக்கும் பழைய உறவு உண்டு. கான்கிரீட்டில் கட்டிய உலகின் முதல் தொலைக்காட்சிக் கோபுரம் 1956-இல் இங்கேதான் எழும்பியது. 200 மீட்டரைத் தாண்டும் உயரம். என் சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தால் காட்டுமேட்டின் மேல் தெரியும். அந்த ஜன்னலருகே நின்றுகொண்டுதான் எங்கள் வீட்டுக்காரம்மா, "டிவியில் படம் வரவில்லை" என்று என்னிடம் முறையிட்டார்.

அவர் கீழ்த்தளத்தில் இருக்கிறார், நான் நடுவில், மேல்மாடியில் ஒரு துருக்கிக்காரர். இத்தனை வருஷமாகக் கேபிள் கட்டணத்தை வீட்டுக்காரர்கள் வாடகையோடு சேர்த்து எல்லோரிடமும் வசூலிக்கச் சட்டம் இடம் கொடுத்தது. பார்த்தாலும் கட்டணம், பார்க்காவிட்டாலும் கட்டணம். 2024 ஜூலை 1-ஆம் தேதியோடு அந்தச் சலுகை போய்விட்டது. அம்மையார் கணக்குப் போட்டுப் பார்த்தார், கேபிளை அறுத்தார், டிஷ் வாங்கினார். டிசம்பர் விடுமுறைக்கு வந்த அவருடைய தங்கை மகன் தோட்டத்துச் சுவரில் அதை மாட்டிவிட்டு, காபி குடித்துவிட்டு, ஊருக்குப் போய்விட்டான்.

குளிர்காலம் முழுக்கப் படம் பளிச்சென்று வந்தது. மே மாதம் பிறந்ததும் தடுமாற ஆரம்பித்தது. "நீங்கள் கம்ப்யூட்டர் வேலைதானே?" என்று அம்மையார் மாடியேறி வந்தார். நம் ஊரில் இன்ஜினியரிங் படித்த பெண்ணிடம் மிக்ஸியை நீட்டுவார்கள் அல்லவா, அந்த நியாயம் ஜெர்மனியிலும் செல்லுபடியாகிறது.

ஆளுக்கொரு காரணம் சொன்னோம். பக்கத்துத் தெருவில் புதிதாக நட்ட செல்போன் கோபுரம்தான் என்றார் அம்மையார். செட்டாப் பாக்ஸை அணைத்துப் போடுங்கள் என்று தங்கை மகன் போனிலேயே வைத்தியம் பார்த்தான். டிஷ் ஒயரில் தண்ணீர் இறங்கியிருக்கும் என்று நான் முனைகளைக் கழற்றித் துடைத்தேன். மேல்மாடிக்காரர் மட்டும் எதையும் தொடவில்லை. டிஷ்ஷுக்குப் பின்னால் போய் நின்றார், அது பார்க்கும் திசையில் தானும் பார்த்தார், சிரித்தார்.

பக்கத்து வீட்டு வால்நட் மரம்! மற்ற மரமெல்லாம் துளிர்த்து முடித்த பிறகுதான் அது சோம்பல் முறித்துத் துளிர்க்கும். டிசம்பரில் வெறும் குச்சி. குச்சிகளின் சந்து வழியாகச் சிக்னல் வந்துகொண்டிருந்தது. மே மாதத்தில் பச்சைத் திரை விழுந்துவிட்டது. சாட்டிலைட்டிலிருந்து வரும் அலையின் நீளம் இரண்டரை சென்டிமீட்டர்தான். இலைக்குள் இருக்கும் தண்ணீர் அதைக் குடித்துத் தீர்த்துவிடும்.

"ஒரு கிளையைக் கழித்துவிட்டால் போச்சு" என்றுதானே சொல்ல வருகிறாய்? இங்கே மார்ச் 1 முதல் செப்டம்பர் 30 வரை வேலியையும் புதரையும் அடியோடு வெட்டக்கூடாது என்று இயற்கைப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. பறவைகள் கூடு கட்டும் காலம். பக்கத்து வீட்டுக்காரர் அந்தச் சட்டத்தைத் தன் மரத்துக்கும் சேர்த்து ஓதிவிட்டார். மேலே ஒரு கருங்குருவி முட்டை வைத்திருக்கிறது என்றும் சொன்னார். முட்டைக்கு எதிராக யாரால் வாதாட முடியும்? டிஷ்ஷைத்தான் இடம் மாற்றுவது என்று முடிவாயிற்று.

மேல்மாடிக்காரர் இதில் பழம் தின்று கொட்டை போட்டவர். வாடகை வீட்டில் டிஷ் மாட்ட வீட்டுக்காரர்கள் விடாமல் இருந்த காலத்தைப் பார்த்தவர். அப்படித் தடுக்கப்பட்ட ஒரு துருக்கிக் குடித்தனக்காரரின் வழக்கு இந்த நாட்டின் அரசியல் சட்ட நீதிமன்றம் வரைக்கும் போனது. தன் நாட்டுச் செய்தியைப் பார்க்க ஒருவர் விரும்புவது தகவல் பெறும் உரிமையில் அடங்கும், வீட்டுக்காரரின் சொத்துரிமையோடு அதையும் தராசில் வைத்துத்தான் முடிவு சொல்ல வேண்டும் என்று 1994 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. அந்தத் தேதியை அவர் தன் கல்யாணத் தேதிக்கு முன்னால் சொல்கிறார். மாமா டிஷ்ஷைத் தட்டுவதற்கு எந்தக் கோர்ட்டுக்கும் போக வேண்டியதில்லை, கொடுத்துவைத்தவர்.

அடுக்குமாடி வீடுகளில் டிஷ் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதை வைத்தே உள்ளே யார் குடியிருக்கிறார்கள் என்று இங்கே சொல்லிவிடலாம். ஜெர்மன் சேனல்களைத் தரும் அஸ்ட்ரா 19.2 டிகிரி கிழக்கில், காங்கோ நாட்டின் தலைக்கு மேலே நிற்கிறது. அதைப் பார்க்கும் டிஷ் ஏறக்குறைய நேர் தெற்கே திரும்பியிருக்கும். துருக்கிச் சேனல்களின் துர்க்சாட் 42 டிகிரியில், சோமாலியாவுக்கு மேலே. அது தென்கிழக்கு. இந்தச் சாட்டிலைட்டுகள் எல்லாம் பூமத்திய ரேகைக்கு நேர் மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில், பூமி சுற்றும் வேகத்திலேயே சுற்றுவதால்தான் நமக்கு நின்ற இடத்தில் நிற்பதாகத் தெரிகின்றன. வடக்கே இருக்கும் இந்த ஊரிலிருந்து பார்த்தால் எல்லாமே தெற்கில்தான். ஒரு டிஷ் கூட வடக்கே பார்க்காது. ஊரே தட்சிணாமூர்த்தி.

நம் ஊர் மாகறலில் டிஷ் சாய்வு நாற்காலியில் படுத்த மாதிரி ஆகாசம் பார்த்துக் கிடக்கிறது அல்லவா? அதுவும் சரிதான். தூர்தர்ஷனின் ஃப்ரீ டிஷ்ஷும் நம் வீட்டு டிஷ்ஷும் பார்ப்பது 93.5 டிகிரி கிழக்கு. சுமத்ராவுக்கு மேற்கே கடலின் மேல் இருக்கிறது. நம் ஊரிலிருந்து தென்கிழக்கே, ஏறக்குறைய 68 டிகிரி உயரத்தில், உச்சிக்குப் பக்கத்தில். இங்கே அஸ்ட்ரா வெறும் 33 டிகிரி. அதனால்தான் உனக்குத் தென்னை மரம் ரொம்பப் பக்கத்தில் இருந்தால் ஒழியத் தொல்லை இல்லை, எங்களுக்குப் பக்கத்து வீட்டு மரம் கூட எதிரி.

இடம் மாற்றும் வேலை சனிக்கிழமைக்கு வைத்தோம். ஞாயிறு கிடையாது. ஞாயிற்றுக்கிழமை ஓய்வு நாள் என்று 1919-ஆம் வருஷத்து அரசியல் சட்டத்தில் எழுதி, அந்தப் பிரிவை இன்றைய அரசியல் சட்டத்திலும் சேர்த்து வைத்திருக்கிறார்கள். ஞாயிறன்று சுவரில் டிரில் போட்டால் மூன்று தெரு தள்ளியிருந்து புகார் வரும். அம்மையாருக்கோ ஞாயிறு இரவு 8.15-க்குப் படம் வந்தாக வேண்டும். 'டாட்டோர்ட்' என்று ஒரு துப்பறியும் தொடர், 1970-இலிருந்து ஓடுகிறது. உன் எட்டு மணி சீரியல் இழுக்கிறது என்று மாமா குறை சொன்னால் இந்தக் கணக்கைச் சொல். போதாததற்கு, வாரம் ஒரு குடித்தனம் முறை வைத்துப் படிக்கட்டு துடைப்பது இந்தப் பக்கத்து வழக்கம். டிரில் போட்ட தூசியெல்லாம் என் முறையில் விழுந்தது. அந்தப் பெருமையும் எனக்கே.

டிஷ்ஷைப் பிடித்துக்கொண்டு நான், ஸ்பேனரோடு மேல்மாடிக்காரர், உள்ளே டிவி முன்னால் அம்மையார், நடுவில் திறந்த ஜன்னல். "இல்லை... இல்லை... வந்தது! ஐயோ, போய்விட்டது!" இந்த வசனத்தை மாகறலில் கேட்டிருக்கிறேன், இப்போது ஸ்டுட்கார்ட்டிலும் கேட்டாயிற்று. விஷயம் என்னவென்றால், டிஷ் சரியான இடத்துக்கு வந்த பிறகு செட்டாப் பாக்ஸ் அதைப் புரிந்துகொள்ள இரண்டு மூன்று விநாடி ஆகும். அதற்குள் நம் கை சும்மா இருக்காது. "வந்தது" என்று குரல் வரும்போது டிஷ் அடுத்த ஊருக்குப் போயிருக்கும். மேல்மாடிக்காரர் ஒரு சட்டம் போட்டார்: நகக்கண் அளவு திருப்பு, கையை எடு, ஐந்து எண்ணு, பதில் வந்த பிறகு அடுத்தது. அவசரக்காரியான எனக்கு அந்த ஐந்து எண்ணுவதுதான் ஜெர்மனியில் செய்த கடினமான வேலை.

ஒரு டிகிரி பிசகினால் அங்கே மேலே அறுநூறு கிலோமீட்டருக்குமேல் பிசகும். மாகறலிலிருந்து கன்னியாகுமரி வரைக்கும் வைத்துக்கொள். 2010 ஜூலையில், 93.5 டிகிரியில் இருந்த இன்சாட்-4பி-யின் சோலார் தகடு ஒன்றில் கோளாறு வந்து, சேனல்களை அனுப்பும் டிரான்ஸ்பாண்டர்களில் பாதியை நிறுத்தினார்களே, நினைவிருக்கிறதா? சேனல்களை 91.5 டிகிரியில் இருந்த மலேசியச் சாட்டிலைட்டுக்கு மாற்றினார்கள். வெறும் இரண்டு டிகிரி வித்தியாசம். அதற்காக டிஷ்காரர்கள் மாடி மாடியாக ஏற வேண்டியதாயிற்று. மாமாவின் கொடிக்கம்புக்கு இரண்டு டிகிரி எல்லாம் ஒரே தட்டு.

சரி, இப்போது உன் கேஸ். கொட்டும் மழையில் படம் போவது எல்லோர் வீட்டிலும் நடப்பது. மழைத்துளி அலையை உறிஞ்சுகிறது, பத்து நிமிஷம் பொறுத்தால் தானே வரும். ஆனால் தூறலுக்கே போகிறதென்றால் குற்றவாளி மழை இல்லை. வெயில் அடிக்கும்போதே உங்கள் சிக்னல் விளிம்பில் நிற்கிறது. மழை லேசாக ஊதியதும் விழுகிறது. ஆகவே மழையில் மாடி ஏறாமல், வெயில் நாளில் ஏறச் சொல்.

முதலில் கம்பம் செங்குத்தாக இருக்கிறதா என்று கொத்தனாரின் தூக்குக்குண்டை வைத்துப் பார்க்கட்டும். கம்பம் சாய்ந்திருந்தால் மேலே என்ன திருப்பினாலும் கணக்குத் தப்பும். பிறகு ஒயர் முனைகள். மழைத் தண்ணீர் உள்ளே இறங்கிப் பச்சை பூத்திருந்தால் அந்தத் துண்டை வெட்டிவிட்டுப் புது முனை போட வேண்டும். டிஷ்ஷுக்கு முன்னால் நின்று சிக்னலை வாங்கும் எல்.என்.பி.க்குப் போகும் ஒயர் அதற்குக் கீழே ஒரு வளையமாகத் தொங்கட்டும், தண்ணீர் வளையத்தின் அடியில் சொட்டிவிடும். பாதி சேனல் வந்து பாதி வராவிட்டால் டிஷ்ஷைத் தொடவே வேண்டாம். பாக்ஸ் அனுப்பும் 13 வோல்ட்டுக்கு ஒரு பாதியும் 18 வோல்ட்டுக்கு மறு பாதியும் திறக்கும். அப்போது கோளாறு ஒயரிலோ எல்.என்.பி.யிலோதான்.

டிவியில் சிக்னல் பக்கத்தைத் திறந்தால் இரண்டு கோடு வரும். ஒன்று பலம், ஒன்று தரம். பலம் 90, தரம் 0 என்று காட்டினால் மாமா 90-ஐப் பார்த்துச் சந்தோஷப்படுவார். விடாதே. தரம்தான் படம். தரக்கோடு உச்சத்துக்கு ஏறும் இடத்தில் நட்டுகளை ஒன்று மாற்றி ஒன்றாக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். ஒரே நட்டை ஒரேயடியாக முறுக்கினால் டிஷ் நழுவும். கோயில் கதைப்படி பொன் உடும்பு வந்த புற்றுள்ள ஊரில் பிறந்துவிட்டு, உடும்புப்பிடி எப்படி என்று நான் சொல்லித்தர வேண்டுமா?

தென்னை மட்டை மறைக்கிறதோ என்று சந்தேகம் இருந்தால் செப்டம்பர் கடைசி வரை பொறு. அந்தச் சில நாட்களில் காலை பதினோரு மணி வாக்கில் சூரியன் சாட்டிலைட்டுக்கு நேர் பின்னால் வந்து நிற்கும். சூரியனின் இரைச்சலில் சில நிமிஷம் படம் போய்த் தானே வரும், அதற்குக் கம்பெடுக்க வேண்டாம். அந்த நேரத்தில் டிஷ்ஷின் மேல் மட்டை நிழல் விழுகிறதா பார். விழுந்தால் மட்டைதான் குறுக்கே நிற்கிறது, மாமா மேல் பழி போடாதே. மார்ச் நடுவிலும் இதே சோதனையைச் செய்யலாம்.

இதெல்லாம் சின்ன விஷயம். பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. டிஷ் திருப்ப இரண்டு பேர் வேண்டும், அந்த இரண்டு பேரும் பேச்சுவார்த்தையில் இருக்க வேண்டும். தறியிலிருந்து இறங்கிய மாம்பழ மஞ்சள் புடவையை அவர் தங்கைக்குக் கொடுத்ததிலிருந்து நீ டிவி முன்னால் உட்கார்ந்து வாயே திறப்பதில்லையாம், அம்மா சொன்னாள். நீ "வந்தது" என்று சொல்லாவிட்டால் மாடியில் இருக்கும் மனிதருக்கு எப்படித் தெரியும்? கம்பை எடுக்காமல் என்ன செய்வார்? அறுந்த பட்டிழையை விரலாலேயே தேடிப் பிடிக்கிறவர் அவர். நீ மட்டும் ஒழுங்காகப் பதில் சொன்னால் அரை மணியில் முடித்துவிடுவார். கத்த வெட்கமாக இருந்தால் வீடியோ கால் போட்டு டிவித் திரையை அவருக்குக் காட்டு. தரக்கோடு ஏறியதும் புடவைப் பேச்சையும் எடு. அப்போது அவர் இரண்டு கையாலும் டிஷ்ஷைப் பிடித்திருப்பார், எதற்கும் மறுப்பு சொல்ல முடியாது.

அம்மாவையும் மாமாவையும் கேட்டதாகச் சொல். அடுத்த பார்சலில் மோர் மிளகாய் வைக்க மறக்காதே.

இப்படிக்கு,
உன் அன்புத் தங்கை

பி.கு.: டிவி ரீசார்ஜ் பணம் ஏறிவிட்டது என்று மாமா புலம்புவதாகச் சொன்னாய். இங்கே வீட்டில் டிவியே இல்லாவிட்டாலும் பொது ஒளிபரப்புக்காக வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ கட்டியாக வேண்டும். என்னிடம் டிவி கிடையாது, கட்டுகிறேன். இதை மாமாவிடம் சொன்னால் புலம்பல் நிற்கும், ஆனால் ஊர் முழுக்க என்னைப் பற்றிச் சொல்லிச் சிரிப்பார். யோசித்துச் செய்.