பாதிச் சம்பளம் யார் பையில்?

கேள்வி: கனடாவில் புதுப் பட்டதாரியை வேலைக்கு வைத்தால் தொண்டு நிறுவனத்துக்கு அரசே சம்பளப் பணம் தருகிறதாமே?

பதில்: தருகிறது, ஆனால் அளந்துதான். அனுபவம் இருந்தால் வேலை, வேலை கிடைத்தால் அனுபவம் என்பது, பைத்தியம் தெளிந்தால் கல்யாணம், கல்யாணமானால் பைத்தியம் தெளியும் கதைதான். அந்த முடிச்சை அவிழ்க்க வந்தது ஊதிய மானியம்: சம்பளத்தில் ஒரு பங்கை அரசு நிறுவனத்துக்கு ஈடுசெய்யும்.

'யங் கனடா வொர்க்ஸ்' திட்டத்தின் ஒரு பிரிவு, அண்மையில் படிப்பு முடித்தவர்களை அருங்காட்சியகம், ஆவணக்காப்பகம் போன்ற இடங்களில் பயிற்சிப் பணியில் சேர்க்க உதவுகிறது. வயது வரம்பு 30. பழைய ஓலைக்கும் புதிய பட்டத்துக்கும் நல்ல பொருத்தம்!

'கனடா சம்மர் ஜாப்ஸ்' என்ற கோடைக்கால வேலைத் திட்டமோ பட்டமே கேட்பதில்லை. 15 முதல் 30 வயது போதும். தொண்டு நிறுவனமானால் மாகாணக் குறைந்தபட்ச ஊதியத்தில் 100 சதவீதம் வரை மானியம். தனியாருக்கு 50 வரைதான். லாபமில்லாமல் நடத்துவதில் கிடைக்கும் ஒரே லாபம் இது. குறைந்தபட்சத்துக்கு மேல் கொடுத்தால் அது நிறுவனத்தின் சொந்தக் காசு. குடிமக்கள், நிரந்தரவாசிகள், அகதி நிலை பெற்றவர்கள் சேரலாம். வெளிநாட்டு மாணவருக்கு இடமில்லை. மானியக் காலம் முடிந்தபின் அதே ஆளை வைத்துக்கொண்டால் சம்பளச் சுமை அரசுக்கு இல்லை, நிறுவனத்தின் கல்லாப்பெட்டிக்கு.