நாற்பதும் எண்பதும்

இந்திய அரசின் கணக்கில் உடற்குறை என்பது ஒரு சதவீதம். கண்ணோ காலோ காதோ, மருத்துவக் குழு அதற்கு ஓர் எண் போட்ட பிறகுதான் அது அலுவலகத்தின் பார்வைக்கு வரும். புதுச்சேரியில் சான்றிதழோடு மருத்துவமனையிலிருந்து வெளியே வருபவரிடம் உறவினர்கள் "எப்படி இருக்கு?" என்று கேட்பதில்லை, "எவ்வளவு போட்டாங்க?" என்றுதான் கேட்பார்கள்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, பழைய 1995 சட்டத்தில் ஏழாக இருந்த வகைகளை 21 ஆக்கியது. பார்கின்சன் நோய், தலசீமியா, அமில வீச்சின் பாதிப்பு எல்லாம் உள்ளே வந்தன. வகையில் தாராளம், அளவில் கறார். அரசு வேலையில் 4 சதவீத ஒதுக்கீடு, உயர்கல்வியில் 5 சதவீதம் என்ற சலுகைகளுக்கு வாசற்படி 40. ஒரு கண் அறவே தெரியாமல் மறு கண் நன்றாக இருப்பவருக்கு மதிப்பீட்டு நெறிமுறை தருவது 30. நல்ல கண்தான் அவருக்குக் குறுக்கே நிற்கிறது.

இரண்டு குறைகள் உள்ளவர் கூட்டிப் பார்த்துச் சந்தோஷப்பட வேண்டாம். பெரிய எண்ணை 90-இலிருந்து கழித்து, மிச்சத்தைச் சிறிய எண்ணால் பெருக்கி, 90-ஆல் வகுத்து, வந்ததைப் பெரிய எண்ணோடு சேர்க்க வேண்டும். இந்த முறையில் 60-ம் 40-ம் சேர்ந்தால் 73. இரண்டாவது குறை, முதல் குறை விட்டுவைத்த பங்கைத்தான் தொட முடியும் என்பது இதன் நியாயம். யோசித்தால் சரியாகத்தான் இருக்கிறது, யோசிக்கிற மனநிலையில் விண்ணப்பதாரர் இருக்க மாட்டார். 60 உள்ளவர் 80-ஐத் தொட இன்னொரு 60 தேவை.

80-ஐ ஏன் தொட வேண்டும்? இந்திரா காந்தி தேசிய ஊனமுற்றோர் ஓய்வூதியத்துக்கு அதுதான் எல்லை. வறுமைக் கோட்டுக்குக் கீழே இருக்க வேண்டும்; வயது 18 முதல் 79 வரை. ஆக, 79 வயது தகுதி, 79 சதவீதம் தகுதிக் குறைவு. இவ்வளவையும் தாண்டியவருக்கு மத்திய அரசின் பங்கு மாதம் 300 ரூபாய். 2012-இல் 200-இலிருந்து உயர்ந்த தொகை, களைத்துப்போய் அங்கேயே உட்கார்ந்துவிட்டது. புதுச்சேரி சமூக நலத்துறையின் உதவித்தொகை தனி. அதன் விதிகளும் தனி.

நிறங்களிலும் கவனம் வேண்டும். தனித்துவ அடையாள அட்டை 40-க்குக் கீழே வெள்ளை, 40 முதல் மஞ்சள், 80 முதல் நீலம். வெள்ளை அட்டைக்காரருக்குக் குறை இருப்பதை அரசே எழுத்தில் ஒப்புக்கொள்கிறது. அதற்கு மேல் பெரிதாக எதையும் ஒப்புக்கொள்வதில்லை. புதுச்சேரி ரேஷன் அட்டையிலோ சிவப்பு என்றால் ஏழை, மஞ்சள் என்றால் ஏழையல்ல. ஓர் அட்டையில் மஞ்சளை வேண்டுபவர் இன்னோர் அட்டையில் அது வந்துவிடாமல் வேண்டிக்கொள்ள வேண்டும்.

சான்றிதழ் தற்காலிகமாகவும் வரும், நிரந்தரமாகவும் வரும். மாற வாய்ப்பில்லாத குறைக்கு நிரந்தரச் சான்று. எடுத்த கால் மறுபடி முளைக்காது என்பதை விதி ஏற்றுக்கொண்டிருக்கிறது.

அடுத்தது இருப்பிடம். முத்தியால்பேட்டையைத் தாண்டினால் கோட்டக்குப்பம். அது தமிழ்நாடு, விழுப்புரம் மாவட்டம். அங்கிருப்பவர் புதுச்சேரி உதவித்தொகைக்கு வெளியூர்க்காரர். கேரளக் கரையில் இருக்கும் மாஹேகாரர் உள்ளூர்க்காரர். பிரெஞ்சுக்காரர்கள் அங்கங்கே பிடித்த நிலத்தின் வரைபடம் இன்றும் விண்ணப்பப் படிவத்தில் உயிரோடு இருக்கிறது.

புதுச்சேரியை இந்தியாவிடம் ஒப்படைத்த ஒப்பந்தம் 1962-இல் நடைமுறைக்கு வந்த பின் பிரெஞ்சுக் குடியுரிமையில் நின்றவர்களின் வாரிசுகளுக்கு வேறு கணக்கு. பிரான்சில் 1975 சட்டம் கொண்டுவந்த ஊனமுற்றோர் உதவித்தொகைக்கும் எல்லை 80 என்பது தற்செயல்தான். ஆனால் வேலை கிடைப்பதில் கடுமையான தடை உள்ளவரை அங்கே 50-இலிருந்தே சேர்த்துக்கொள்கிறார்கள். பிரான்சில் வசிக்க வேண்டும் என்பது நிபந்தனை. புதுச்சேரியிலேயே இருந்துவிட்ட வசதியற்ற பிரெஞ்சுக் குடிமக்களுக்கு மரைன் வீதித் துணைத் தூதரகம் தனியாக ஓர் உதவி தருகிறது. அங்கே பதிவு செய்திருக்க வேண்டும், வருமானம் வரம்புக்குள் இருக்க வேண்டும்; சிவப்பு ரேஷன் அட்டையை நீட்டுவதில் பயனில்லை.