பனிப்பெயர்ச்சி: ஒரு முதற்கட்ட ஆய்வு

குருப்பெயர்ச்சிக்கும் சனிப்பெயர்ச்சிக்கும் ராசிவாரியாகப் பலன் எழுதிவைத்த சமூகம் நம்முடையது. ஆனால் நவம்பர் முதல் ஏப்ரல் வரை கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் வீடுதோறும் நிகழும் பனிப்பெயர்ச்சிக்கு இதுவரை ஒருவரும் பலன் எழுதவில்லை. அக்குறையைத் தீர்க்க முற்படும் இக்கட்டுரையின் துணிபு இதுதான்: பனியை யாரும் அகற்றுவதில்லை. தன் எல்லையில் கிடப்பதை அடுத்தவர் எல்லைக்குப் பெயர்க்கிறார்கள். எனவே இத்துறை வானிலையியலைச் சேர்ந்ததன்று. காணிச் சட்டத்தைச் சேர்ந்தது.

ஆய்வுக்களம் பற்றி ஒரு சொல். டொராண்டோவின் ஸ்காபரோப் பகுதி அடுக்குமாடிகளில் இருந்தவரை நம்மவர்க்கு இப்பிரச்சினை இல்லை, கட்டடக்காரர் பார்த்துக்கொண்டார். மார்க்கம், ஏஜாக்ஸ், ஸ்டஃப்வில் என்று புறநகர்களுக்கு வீடுகள் நகர்ந்து பெருத்தபோதுதான், வாசலில் கார் விடும் ட்ரைவ்வே என்ற நிலப்பகுதி தமிழர் வாழ்வில் புகுந்தது. வீட்டுத் தரகர் அதை ஜூலை மாதத்தில் காட்டுவார். "ஆறு கார் விடலாம் அண்ணை" என்பார். ஆறு கார் விடக்கூடிய இடத்தில் ஆறு காருக்கான ஸ்னோவும் விழும் என்பதை அவர் சொல்வதில்லை. ஜூலையில் அதைக் கேட்பதற்கு யாருக்கும் தோன்றுவதுமில்லை.

கணக்கைப் பார்ப்போம். நகருக்கு வெளியே, சற்றுப் பெரிய வீடு. தெருவிலிருந்து கராஜ் கதவு வரை நீளம் 30 மீட்டர், அகலம் 6 மீட்டர் என்று கொள்க. 180 சதுர மீட்டரில் 20 சென்டிமீட்டர் பனி விழுந்தால் 36 கன மீட்டர். புதிதாக விழுந்த உலர்பனி கன மீட்டருக்கு ஏறத்தாழ 100 கிலோ. ஆகமொத்தம் 3,600 கிலோ, அதாவது ஒரு யானை. ஈரப்பனி என்றால் இரண்டு யானை; சில நாள் மூன்று. ஷவலில் தடவைக்கு 6 கிலோ அள்ளினால் ஒரு யானையை 600 தவணையில் தூக்கி ஓரத்தில் வைக்க வேண்டும். அந்த வீட்டுக்கு வங்கியில் எடுத்த 25 ஆண்டுக் கடனே 300 மாதத் தவணைதான்.

முன்னோர் ஆய்வுகள் நமக்கு உதவவில்லை என்பதை வருத்தத்துடன் பதிவுசெய்ய வேண்டும். கோள்களின் பாதையைக் கண்டுசொன்ன கெப்ளர், 1611இல் பனித்துகளுக்கு ஏன் ஆறு மூலை என்று ஒரு சிறுநூலே எழுதி நண்பருக்குப் புத்தாண்டுப் பரிசாகக் கொடுத்தார். பிராக் நகரில் அவர் வீட்டு வாசலை யார் வழித்தார் என்பதற்கு அந்நூலில் இடமில்லை. வெர்மான்ட் மாநிலத்து விவசாயி வில்சன் பென்ட்லி 1885இல் முதன்முதலாகப் பனித்துகளை நுண்ணோக்கி வழியே படமெடுத்தார். வாழ்நாளில் 5,000க்கும் மேல் எடுத்தார். ஒவ்வொரு துகளாகப் பார்த்தவர்க்குப் பனி அழகாகத்தான் தெரியும். மொத்தமாகப் பார்ப்பவன் நிலை வேறு. அவரும் 1931இல் பனிப்புயலில் நடந்து வீடு திரும்பி நிமோனியாவில் இறந்தார்.

இனி, நடைமுறையிலுள்ள இரு மதங்கள். வைணவர் குரங்குக்குட்டி நியாயம் (மர்க்கடம்), பூனைக்குட்டி நியாயம் (மார்ஜாரம்) என்று வைத்து நூற்றாண்டுக் கணக்கில் வாதிட்டதை வாசகர் அறிவர். ட்ரைவ்வேயிலும் அதே பிளவுதான். மர்க்கடக் கட்சியார் 5 சென்டிமீட்டர் விழுந்ததுமே தாவி இறங்கி வழிப்பார்கள். மறுபடி விழும், மறுபடி வழிப்பார்கள். குட்டிதான் தாயைப் பற்றிக்கொள்ள வேண்டும் என்பது அவர்கள் கொள்கை. மார்ஜாரக் கட்சியாரோ, கொட்டியவன் எவனோ அவனே எடுப்பான் என்று திரைச்சீலையை இழுத்துவிட்டுத் தேநீர் குடிப்பார்கள். அவன் எடுப்பது உண்மைதான். ஆனால் ஏப்ரலில் எடுப்பான். இடையில் அலுவலகத்துக்குப் போகிற கார் நாலு தடவை மேலே ஏறி இறங்கினால் டயர்த்தடம் பனிக்கட்டியாக இறுகிவிடும். அப்புறம் எந்த ஷவலும் அதில் பாயாது. சமரசம் கண்டவர்களும் உண்டு. நடுவே ஒரு முழ அகலத்துக்குக் கறுப்புத் தார் தெரியும்படி சுரண்டிவிட்டால் போதும் என்பார்கள். காற்று சுழியத்துக்குக் கீழே இருந்தாலும் தார் வெயிலை உறிஞ்சிச் சூடாகி விளிம்புப் பனியைக் கரைக்கும். அருள் வரும், ஆனால் முதல் முழம் நம் பொறுப்பு. இக்கட்டுரையாளர் சாய்வது இப்பக்கம்.

கருவிகள் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஷவல் பிளாஸ்டிக், ஈரப்பனி அதில் அப்பிக்கொள்ளாமலிருக்கத் தேங்காய் எண்ணெய் தடவலாம். ஜனவரியில் போத்தலுக்குள் அது கல்லாகியிருக்கும். முதலில் போத்தலைச் சுடுநீரில் வைக்க வேண்டும். பனியைச் சுழற்றி வாரி வீசும் ரயில் கலப்பையை 1869இல் வடிவமைத்தவர் ஜே. டபிள்யூ. எலியட் என்ற டொராண்டோ பல் மருத்துவர். இடுக்கில் சிக்கியதைக் குடைந்தெடுப்பதில் அவருக்கிருந்த தொழில் அனுபவத்தை இங்கே நினைவுகூரலாம். தெருவுக்கான பனி ஊதியை, அதாவது ஸ்னோ ப்ளோயரை, கியூபெக்கின் ஆர்தர் சிகார்ட் 1925இல் செய்தார். 1927இல் ஊத்ரமோன் நகருக்கு விற்றார்.

வீட்டு ஸ்னோ ப்ளோயரில் தத்துவார்த்தமான உறுப்பு ஒன்றே ஒன்று: ஷியர் பின். விரல் நீளம்கூட இராத ஓர் ஆணி. விளம்பரத் தாள்கட்டு ஒன்று பனிக்கடியில் உறைந்து கிடந்து திருகுத்தகட்டில் மாட்டினால், 'டக்' என்றொரு சத்தம். இயந்திரம் உறுமிக்கொண்டேயிருக்கும், ஒரு பக்கத் திருகு மட்டும் சும்மா நிற்கும். ஆணி உடைந்து கியர்ப்பெட்டியைக் காப்பாற்றியிருக்கிறது. அதன் பிறவிப்பயனே அதுதான். விவரம் தெரிந்தவர்கள் உதிரி ஆணி இரண்டைக் கைப்பிடியிலேயே ஒட்டிவைத்திருப்பார்கள். அடைத்த பனியைக் கையால் தோண்டுவது மட்டும் எக்கட்சிக்கும் உடன்பாடன்று. எஞ்சினை நிறுத்திய பிறகும் தகட்டில் முறுக்கம் தேங்கியிருக்கும். அடைப்பு விலகிய நொடியில் அது சுழலும். அதற்கென்றே ஒரு பிளாஸ்டிக் குச்சியும் இயந்திரத்தோடு வருகிறது.

பனிக்கட்டியை உருக்கத் தூவும் உப்பு பற்றி: ஹியூரான் ஏரிக்கடியில், கோடரிச் ஊரில், உலகின் மிகப்பெரிய நிலத்தடி உப்புச் சுரங்கம் இருக்கிறது. 1866இல் எண்ணெய்க்குத் துளைத்தபோது உப்பு கிடைத்தது. சாதா உப்பு ஏறத்தாழ –10 டிகிரிக்குக் கீழே சோம்பிவிடும். உப்பிட்டவரை உள்ளளவும் நினைப்பது நம் மரபு. இங்கே வசந்தத்தில் கருகி நிற்கும் புல்லும் நினைக்கும்.

இப்போது மையப் பிரச்சினைக்கு வருவோம். இரண்டு மணி நேரம் வழித்து, கறுப்புத் தார் பளிச்சென்று தெரிய, நிமிர்ந்து முதுகைத் தட்டிக்கொள்ளும் அந்த நேரத்தில்தான் தெருமுனையில் மஞ்சள் விளக்கு சுழலும். நகரசபையின் பனிக்கலப்பை வண்டியான ப்ளவ் தெருப்பனியை வலப்பக்கம் ஒதுக்கிக்கொண்டு போகும். போனபின் ட்ரைவ்வே வாயில் முழங்கால் உயர வரம்பு ஒன்று நிற்கும். உலர்பனி அல்ல இது. உப்பும் சேறும் டயர் அரைத்த கட்டிகளும் சேர்ந்த கலவை. சற்று விட்டால் சீமெந்து. சட்ட நிலையைக் கவனிக்க. எழுத்துமூல அனுமதியின்றித் தெருவில் பனியைக் கொட்டுவதை ஒன்ராறியோவின் நெடுஞ்சாலைப் போக்குவரத்துச் சட்டம் தடைசெய்கிறது. அதாவது என் வளவில் விழுந்த பனி என்னுடையது. தெருவில் விழுந்த பனி நகரசபையுடையது. தன்னுடையதை அது எனக்குத் தரலாம். என்னுடையதை நான் அதற்குத் தரலாகாது. தானம் ஒருவழிப் பாதை. இந்த வரம்பைத் தாமே வெட்டிவிடும் நகரசபைகளும் உண்டு, சில இடங்களில் முதியோருக்கு மட்டும்.

உழைப்பைக் கலந்தவனுக்கே உடைமை என்றார் 17ஆம் நூற்றாண்டின் ஜான் லாக். சிகாகோக்காரர்கள் அதைச் செயலிலேயே காட்டுகிறார்கள்: தெருவில் தாம் வழித்த கார் இடத்தில் பழைய நாற்காலி ஒன்றைப் போட்டுவிட்டுப் போவார்கள், அவ்விடம் அவர்களுடையது. ஒன்ராறியோவின் வரம்புக்கு லாக் உதவமாட்டார். அதில் என் உழைப்பு எவ்வளவு கலந்தாலும் உடைமையாக்கிக்கொள்ள மனம் வருவதில்லை.

பரிகாரம் உண்டு. வீட்டுக்கு முதுகு காட்டித் தெருவைப் பார்த்து நில்லுங்கள். ப்ளவ் வண்டி இடமிருந்து வரும். ஆகவே வழித்ததையெல்லாம் வலப்பக்கம் குவித்து, வாய்க்கு இடப்பக்கத் தெருவோரத்தில் மூன்று மீட்டரை வெறுமையாக்கி வைக்க வேண்டும். ப்ளவ் தன் சுமையை அந்தப் பள்ளத்தில் இறக்கிவிட்டு ஏறத்தாழ வெறுங்கையோடு நம் வாசலைக் கடக்கும். இயற்பியல் பிழையற்றது. காணியியலில்தான் சிக்கல், ஏனெனில் அந்த மூன்று மீட்டர் பெரும்பாலும் பக்கத்து வீட்டின் முகப்பு. களத்தில் பதிவான உரையாடல் வருமாறு:

"தம்பி, என்ர பக்கத்தை ஏன் வழிக்கிறீர்?"

"உங்களுக்கு ஒரு உதவி, அண்ணை."

"உதவியெண்டா என்ர ட்ரைவ்வேயை வழியுமன். இது ப்ளவ்வுக்குக் கிடங்கு வெட்டுற வேலையெல்லோ."

உடல்நலம் பற்றிய தரவு ஒன்று. கியூபெக்கில் 1981 முதல் 2014 வரையிலான பதிவுகளை ஆராய்ந்து 2017இல் வெளிவந்த ஆய்வு, பனி மிகுதியாகப் பெய்த மறுநாள் ஆண்களிடையே மாரடைப்பு கூடுவதாகக் காட்டியது. பெண்களிடையே அத்தொடர்பு தெளிவாக இல்லை. ஷவலைக் கையில் கொடுத்ததும் இந்த ஆய்வை எடுத்துச் சொல்லாத கணவரை நான் கண்டதில்லை. மனைவியர் அதை வேறு விதமாக வாசிக்கிறார்கள்: அப்படியானால் நேற்றே, கொஞ்சம் கொஞ்சமாக வழித்திருக்கலாமே என்று. மர்க்கடக் கட்சிக்கு இது எதிர்பாராத வலுச்சேர்ப்பு.

ஏப்ரலில் இருவீட்டு எல்லைக் குவியலும் கறுத்துச் சுருங்கி, வடிகால் வழியே ஒன்ராறியோ ஏரிக்குப் போய்விடுகிறது. அடியில் எஞ்சியவை: சரளைக்கல், ஊறிய விளம்பரத் தாள்கள், சோடி சேராத இரு கையுறைகள், குப்பைத்தொட்டி மூடி ஒன்று. மூடி தம்முடையது என்கிறார் அண்ணை. என் தொட்டிக்கும் மூடி இல்லை. கிடந்த இடத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்லலாமென்றால், பனியோடு அதுவும் எத்தனை முறை இங்குமங்கும் பெயர்ந்ததென்று இரு தரப்பாலும் நிறுவ முடியவில்லை. விசாரணை நடக்கிறது.