சொட்டுத் திணை: ஒரு பழைய ஸ்பிட்ஃபயரின் அடியில் நில ஆராய்ச்சி

பழைய ஸ்போர்ட்ஸ் கார்களைப் பற்றி எழுதுகிறவர்கள் காரைப் பார்த்து எழுதுகிறார்கள். கார் நின்ற தரையைப் பார்த்து எழுதுவோர் குறைவு. அந்தக் குறையைப் போக்க எழுந்தது இவ்வாய்வு.

ஆய்வுக்களம் இங்கிலாந்தில் ஒரு வீட்டு கராஜ். அதன் அகலம் ஒரு காரும் ஒரு ஆளும். அந்த ஆள் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டால். மூல ஆவணம், ஃபிரிட்ஜ் வந்த பெட்டியைப் பிரித்து வண்டிக்கு அடியில் விரித்த அட்டை. சனிக்கிழமை இரவு விரித்து ஞாயிறு காலை உருவிப் படிக்க வேண்டும். ஓலைச்சுவடியைத் தலைகீழாகப் பிடித்தவனுக்கு நேர்வது இதிலும் நேரும் என்பதால், முன்பக்கம் எது என்று அம்புக்குறி போட்டு வைப்பது இத்துறையின் மரபு.

ஆய்வுப் பொருள் டிரயம்ஃப் ஸ்பிட்ஃபயர். 1962இல் அறிமுகமாகி, 1980 வரை மூன்று லட்சத்துக்கும் மேல் விற்ற இரண்டு இருக்கை வண்டி. வடிவம் தந்தவர் இத்தாலிக்காரரான ஜொவான்னி மிக்கெலோட்டி. கம்பெனியிடம் காசு இல்லாததால் அவருடைய முதல் மாதிரி வண்டி கோவென்ட்ரி ஆலையின் ஒரு மூலையில் துணி போர்த்திக் கிடந்தது. 1961இல் லேலண்ட் நிறுவனம் ஆலையை வாங்கியது; வந்தவர்கள் துணியை விலக்கிப் பார்த்த பிறகே வண்டிக்கு விடிவு வந்தது. துணியை விலக்கியவர்கள் குனிந்து தரையையும் பார்த்திருந்தால் இத்துறை அன்றே தோன்றியிருக்கும்.

தமிழ் வாசகருக்கு இந்த வண்டி அவ்வளவு அந்நியமும் அல்ல. டிரயம்ஃப் ஹெரால்ட் என்ற குடும்பக் காரின் சேஸியைச் சுருக்கித்தான் ஸ்பிட்ஃபயரைக் கட்டினார்கள். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே 91.5 அங்குலம் இருந்தது 83 ஆயிற்று. அதே ஹெரால்ட்தான் 1961 முதல் மதராஸில் ஸ்டாண்டர்டு ஹெரால்ட் என்ற பெயரில் உருவாகி ஓடியது. மயிலாப்பூர் டாக்டர் வீட்டு வாசலில் நின்ற அந்த வண்டிக்கு, கோவென்ட்ரியில் விளையாட்டுப் பிள்ளையாக வளர்ந்த தம்பி இது.

இனி நிலப் பாகுபாடு. அட்டையில் விழும் சொட்டுகளை நிறம், மணம், பிசுபிசுப்பு என்று பிரித்துப் பார்த்த ஆய்வு, அவை தொல்காப்பியர் காட்டிய ஐந்திணைக்குள் அடங்கிவிடுவதைக் கண்டு முதலில் வியந்தது. பிறகு, எதுதான் அடங்காது என்று தேறிக்கொண்டது.

நடு அட்டையில் கறுத்துப் பரந்திருப்பது மருதம். எஞ்சினுக்கு நேர் கீழே உள்ள நன்செய். வருடம் முழுக்க ஈரம். அடியில் எண்ணெய் தேங்கும் தொட்டியான சம்ப்புக்கும் எஞ்சினுக்கும் இடையில் இருப்பது கார்க் கேஸ்கெட், அதாவது மரப்பட்டை. அது காயும், சுருங்கும், வழிவிடும். இன்னும் வியப்பு முன்முனையில் இருக்கிறது. அங்கே எண்ணெயை அடைக்கும் சிறு அலுமினியக் கட்டையின் இரு ஓரத்திலும் குச்சி போன்ற மரத்துண்டுகளைத் தட்டி இறக்கி, நீட்டிக்கொண்டிருப்பதைச் சீவிவிட வேண்டும். போர் விமானத்தின் பெயரைச் சூடிய காருக்குள் தச்சு வேலை! சொட்டுகிறதே என்று அந்தக் கட்டையில் சம்ப் திருகை ஆத்திரத்தோடு முறுக்கினால் அலுமினியத்தின் மரை போய்விடும். அதன் பிறகு சொட்டு ஒழுக்காகும். மரை கழன்றது கட்டைக்கா, முறுக்கியவருக்கா என்பது வீட்டுக்குள் நடக்க வேண்டிய விவாதம். மருதத்தின் உரிப்பொருள் ஊடல். சமையலறையிலிருந்து காணாமற்போன ரோஸ்ட் தட்டு, கறுத்த எண்ணெயோடு கராஜில் கண்டெடுக்கப்படும் ஞாயிறுகளில் அது தவறாமல் நிகழ்கிறது.

நெய்தல் ரேடியேட்டருக்கு அடியில். பச்சை நிறம், இனித்த வாசனை, உரிப்பொருள் இரங்கல். கூலன்ட்டில் உள்ள எத்திலீன் கிளைக்கால் கொடிய விஷம். அதன் தித்திப்புக்கு மயங்கிப் பூனையும் நாயும் நக்கிவிடும். ஆகவே இந்த நிலத்தை மட்டும் படித்த கையோடு கழுவிவிட வேண்டும். பிரேக் ஆயிலையும் இரங்கலில் சேர்க்கலாம். தெளிந்த மஞ்சளாக, விரலில் வழுவழுப்பாக, அப்பாவிபோல் இருக்கும். பெயின்ட்டில் பட்டால் உரித்துவிடும். மூன்று மாதம் தேய்த்து அடித்த பெயின்ட்டில் அது பட்ட மாலையில் உரிமையாளர் பாடுவது சுத்த நெய்தல்.

முல்லைக்கு உரியது காத்திருத்தல். கியர் பாக்ஸ் நிலம். ஆயில் சீல் தபாலில் வரும் வரை இருத்தல் அன்றி வேறு வழியில்லை. குறிஞ்சி பின் அச்சுக்குக் கீழே. உள்ளே பல்லும் பல்லும் கூடிச் சுழல்வதால் உரிப்பொருள் பற்றி ஐயமே எழவில்லை. கந்தக நாற்றமடிக்கும் கியர் எண்ணெய் அந்த நிலத்தின் பூ. பெட்ரோல் கசிவை எந்தத் திணையிலும் சேர்க்கக்கூடாது. அட்டையை எறிந்துவிட்டு அதை அடைக்கும் வேலையைப் பார்க்க வேண்டும். பிரிட்டனில் 2021 செப்டம்பரில் பத்து விழுக்காடு வரை எத்தனால் கலந்த பெட்ரோல் வழக்கமான பெட்ரோலாக வந்தது. அந்தக் காலத்து ரப்பர் குழாய்களை எத்தனால் கெடுக்கிறது. புதுக் குழாய் மாட்டுவது ஒரு மணி நேர வேலை.

கடைசியாகப் பாலை. பாலை தனி நிலம் அன்று, முல்லையும் குறிஞ்சியும் வறண்டால் தோன்றுவது என்று இளங்கோவடிகள் காட்டியதை ஸ்பிட்ஃபயரின் முன் சக்கரத்தைப் பார்த்தவர்கள் மறுக்க மாட்டார்கள். சக்கரத்தைத் தாங்கும் செங்குத்தான எஃகுத் தண்டின் அடி நுனியில் மரை இருக்கிறது. அது ட்ரனியன் என்ற பித்தளைக் கிண்ணத்துக்குள் திருகி நிற்கிறது. ஸ்டியரிங்கை ஒடிக்கும்போதெல்லாம் தண்டு அந்த மரையில்தான் திரும்புகிறது. உள்ளே எண்ணெய் இருக்க வேண்டும். எந்த எண்ணெய் என்பதில்தான் வடகலை தென்கலை. கிரீஸ் கன் கையில் இருப்பதால் கிரீஸே போதும் என்பது ஒரு கட்சி. கியர் எண்ணெய்தான் வேண்டும் என்பது மற்றது. வண்டியைச் செய்தவர்கள் சொன்னதும் அதுவே. கிரீஸ் இறுகி மேலேயே தங்கிவிடும், மரையின் அடிவரை இறங்காது. அடியில் தண்ணீர் சேரும், எஃகு துருவேறும், ஒரு நாள் முடுக்கில் திரும்பும்போது தண்டு முறியும், சக்கரம் மட்கார்டுக்குள் மடங்கிப் படுக்கும்.

பாலையின் உரிப்பொருள் பிரிதல். வண்டியும் சக்கரமும் பிரிவதைப் பற்றித்தான் சொல்லியிருக்கிறார்கள் என்று இவ்வாய்வு துணிகிறது.

இதே தண்டும் ட்ரனியனும் லோட்டஸ் எலான் காரிலும் உண்டு. எனவே பணக்காரர்களுக்கும் பாலை விலக்கில்லை. எண்ணெய் பார்க்கும் வேலையோ எளிது. ஸ்பிட்ஃபயரின் பானெட் மட்கார்டுகளோடு சேர்ந்து முழுசாக முன்பக்கம் கவிழும். டயர் மேலேயே உட்கார்ந்துகொண்டு எஞ்சினில் வேலை செய்யலாம். ட்ரனியனின் மூடியைக் கழற்றி, மேலே கசியும் வரை எண்ணெய் ஏற்றினால் முடிந்தது. அந்த எண்ணெய் அடுத்த நாளே மெல்லக் கீழே இறங்கி, முன் சக்கரத்துக்கு அருகில் அட்டையில் ஒரு பொட்டு வைக்கும். ஆளைப் பதறவைக்கும் அந்தப் பொட்டுதான் மொத்த அட்டையிலும் மங்கலச் சின்னம்.

சொட்டாத பிரிட்டிஷ் கார் என்றால் உள்ளே எண்ணெய் இல்லை என்று பொருள் என்பது அங்கே பழைய கேலி. முன் சக்கரத்தைப் பொறுத்தவரை அது கேலியே அல்ல. அரசாங்கமும் இப்போது எட்டிப் பார்ப்பதில்லை. 2018 மே முதல், பெரிய மாற்றம் ஏதும் செய்யாத நாற்பது வயது வண்டிகளுக்கு ஆண்டுச் சோதனை கட்டாயமில்லை என்று பிரிட்டன் விட்டுவிட்டது. இன்று ஸ்பிட்ஃபயர்கள் எல்லாமே நாற்பதைத் தாண்டியவை. சோதனை அதிகாரி என்று மிஞ்சியிருப்பது ஃபிரிட்ஜ் பெட்டி ஒன்றுதான்.

ஆகவே ஸ்பிட்ஃபயர் வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பளபளப்பையும் குரோமையும் அப்புறம் பாருங்கள். முதலில் வண்டியைப் பின்னால் தள்ளச் சொல்லி, அது நின்ற இடத்தைப் பாருங்கள். நடுவில் கறுப்பு இருந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள். முன் சக்கரம் நின்ற இடம் துடைத்து வைத்ததுபோல் காய்ந்திருந்தால், விலை பேசுவதற்கு முன் ஜாக்கியைக் கேளுங்கள்.