அபிவிருத்தி ஐயா

மகாவலி கங்கை மூன்று புறமும் வளைந்து செல்லும் பேராதனைப் பூந்தோட்டத்தைச் சுற்றிப் பார்த்து, கலஹா வீதியால் பல்கலைக்கழகத்துக்குள் நுழைந்து, ஹந்தானை மலைச்சாரலில் மஞ்சு படிவதையும் கலைவதையும் ரசித்துவிட்டுத் திரும்பும் யாத்திரிகர்கள், அங்கே அவசியம் காணவேண்டிய ஒரு மகாநுபாவரைக் காணாமலே போய்விடுகிறார்கள் என்பது என் நெடுநாளைய மனக்குறை. வரைவறிக்கை ஒன்றை முன்னே விரித்துவைத்துக்கொண்டு, சிவப்பு மைப் பேனாவும் கையுமாக, ஏதேனும் ஒரு குழுக்கூட்டத்தின் மேசைக் கோடியில் அவர் வீற்றிருப்பார். பீடத்துக்கு ஒருவர் குறையாமல் உண்டு. முன்னேற்றத்தைக் குறிப்பதற்குத் தகுந்த ஆங்கிலச் சொல்லைத் தெரிந்தெடுப்பதே இவருடைய ஜீவிதப் பணி. முன்னேற்றுவது பிறருடைய பணி.

இளம் விரிவுரையாளர் ஒருவர், வாசிப்பறையைச் சீராக்கப் பணம் கோரி ஒரு விண்ணப்பத்தை எழுதிக்கொண்டு பயபக்தியோடு இவரிடம் வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

“தம்பி, உதென்ன ‘இம்ப்ரூவ்’ எண்டு எழுதி வைச்சிருக்கிறீர்?”

“ஏன் சேர், பிழையோ?”

“இலக்கணத்தில பிழையில்லை. ஆனா ‘இம்ப்ரூவ்’ எண்டு போட்டால், இவ்வளவு நாளும் அது கூடாமல் கிடந்தது எண்டு நாங்களே கையெழுத்து வைச்ச மாதிரி. முந்தின தலைவர் இப்பவும் செனற்றில இருக்கிறார் கண்டீரோ?”

“அப்ப என்ன சேர் போடுறது?”

“‘என்ஹான்ஸ்’ எண்டு போடும். முந்தியும் நல்லது, இனி இன்னும் நல்லது. ஒருத்தருக்கும் நோகாது.”

அறையில் மின்விசிறி சுழல்வதில்லை என்ற விஷயம் இந்தச் சம்பாஷணையில் வருவதேயில்லை. ‘அப்கிரேட்’ என்பதை யந்திரங்களுக்கும் வீதிகளுக்கும் மட்டும் அவர் அநுமதிப்பார். பாடநெறிக்கு அதைப் பிரயோகித்தால் கணினிக் கடைக்காரன் வாசனை வீசுகிறது என்பது அவருடைய அபிப்பிராயம். ‘அமீலியரேட்’ என்ற சொல்லை வறுமைக்கும் மண்ணரிப்புக்குமென்று ஒதுக்கி வைத்திருக்கிறார். ‘ரெக்டிஃபை’ அறவே விலக்கப்பட்டது. அது கணக்காய்வாளரை வெற்றிலை வைத்து அழைப்பதற்குச் சமம்.

இந்தக் கலையின் சிகரம் எது என்று கேட்டால், தயங்காமல் 1954ஆம் ஆண்டு ஏப்ரல் 20ஆம் திகதியைச் சுட்டிக்காட்டுவார். ஐவர் ஜென்னிங்ஸ் துணைவேந்தராயிருந்த இலங்கைப் பல்கலைக்கழகம் சில ஆண்டுகளுக்கு முன்னரே கொழும்பிலிருந்து பேராதனைக்குக் குடிபெயரத் தொடங்கி, வகுப்புகளும் விடுதிகளும் நடந்துகொண்டிருந்தபோது, சம்பிரதாயப்படி அதைத் திறந்து வைப்பதற்கென்று எலிசபெத் மகாராணியாருடன் எடின்பரோ கோமகன் வந்து சேர்ந்தார். ஏற்கனவே திறந்திருப்பதை எவ்வாறு திறப்பது? கோமகன் அது ‘மோர் ஓபன் தேன் யூஷுவல்’ ஆகிவிட்டதாகப் பிரகடனம் செய்தார். உலகம் இதைப் பரிகாசமாகக் கொள்கிறது, ஐயா கொள்வதில்லை. “நேற்றுப் பூட்டிக் கிடந்தது எண்டு சொன்னாரோ? இல்லை. இண்டைக்குப் புதிசா ஒண்டும் நடக்கேல்லை எண்டு சொன்னாரோ? அதுவும் இல்லை. உதுதான் எழுத்து!”

பிற்காலத்தவரின் புலமை அவருக்கு அவ்வளவு உவப்பானதன்று. 2003இல் உலக வங்கியின் உதவியோடு இலங்கைப் பல்கலைக்கழகங்களுக்கு வந்த திட்டத்தின் பெயரே, பட்டப்படிப்பின் பொருத்தத்தையும் தரத்தையும் ‘இம்ப்ரூவ்’ செய்வதாகத் தொடங்கியது. அன்று அவருக்கு மதிய போசனம் இறங்கவில்லை. அத்திட்டத்துக்குள்ளேயே தரத்தை ‘என்ஹான்ஸ்’ செய்வதற்கென்று ஒரு நிதியும் இருந்தது என அறிந்த பின்னரே தேறினார். 2010இல் வந்த அடுத்த திட்டமோ ‘இருபத்தோராம் நூற்றாண்டுக்கான உயர்கல்வி’ என்று வினைச்சொல்லே இல்லாமல் எழுந்தருளியது. எதையும் செய்வதாகச் சொல்லாத அப்பெயரின் விவேகத்தை அவர் வாயாரப் புகழ்ந்தார். 2017இல் வந்த மூன்றாவது திட்டம், உயர்கல்வியின் விரிவையும் அபிவிருத்தியையும் ‘அக்செலரேட்’ செய்யப் புறப்பட்டு, ஆங்கில முதலெழுத்துகளைக் கூட்டினால் ‘அஹெட்’ என்று வருமாறு சாமர்த்தியமாகப் பெயர் சூடிக்கொண்டது. 1977க்குப் பின் துரிதப்படுத்தப்பட்ட மகாவலித் திட்டத்தைக் கண்ணால் கண்டவர் ஆதலின், “உந்தச் சொல்லை ஆறே ஒருக்கால் பாவிச்சு முடிச்சிட்டுது” என்று மாத்திரம் சொன்னார்.

கன்னொறுவைப் பக்கத்து விவசாய விஞ்ஞானிகளிடத்தில் அவருக்குச் சற்றுப் பொறாமை உண்டு. எச்-4 முதலிய நெல்லினங்களைப் ‘பழைய மேம்பட்ட இனங்கள்’ என்றும், பின்னால் வந்த பி.ஜி. வகைகளைப் ‘புதிய மேம்பட்ட இனங்கள்’ என்றும் அவர்கள் கூச்சமின்றிப் பிரித்துவிடுகிறார்கள். நெல் செனற்றில் அங்கம் வகிப்பதில்லை.

இவரைப் பரிகசிப்பது சுலபம். ஆயினும், முற்றாகத் திருந்திவிட்டது என்று எழுதினால் வருகிற வருஷத்துப் பணம் நின்றுவிடும் என்பதையும், திருந்தவில்லை என்று எழுதினால் சென்ற வருஷத்துப் பணத்துக்குக் கணக்குக் கேட்பார்கள் என்பதையும் அறிந்து, இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு திணைக்களத்தையே பல்லாண்டு காலம் விழாமல் நடத்திச் சென்றவரை வெறும் சொற்பித்தர் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. சொல்லைப் பார்த்துப் பணம் தருகிறவர்கள் இருக்கும்வரை, சொல்லைப் பார்த்து எழுதுகிறவரைக் குறைகூற நியாயமில்லை.

வீட்டில் மட்டும் இந்த ஞானம் கைகொடுக்கவில்லை. ஒருநாள் இராப்போசனத்தில் சொதியைச் சுவைத்து மெய்ம்மறந்து, “இண்டைக்குச் சொதி திறம்” என்று சொல்லிவிட்டார். “அப்ப நேற்றையான் என்னவாம்?” என்று கேட்டார் மனைவியார். ஒரு குழுவிலேனும் அமர்ந்தறியாத அம்மையாருக்கு இந்தச் சாஸ்திரம் முழுவதும் பாடமாயிருந்தது.

கடைசியில் இவரும் ஓய்வுபெறும் காலம் வந்தது. பிரிவுபசாரப் பத்திரத்தை வரைந்த இளைஞர்கள், குருவின் போதனையை மறவாமல், அவர் திணைக்களத்தை ‘என்ஹான்ஸ்’ செய்தார் என்று வெகு ஜாக்கிரதையாக எழுதி அவருடைய பார்வைக்கு அனுப்பினார்கள். ஐயா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இரண்டு தரம் வாசித்து, அந்தச் சொல்லைச் சிவப்பு மையால் அடித்து, ஓரத்தில் ‘இம்ப்ரூவ்’ என்று அழகான கையெழுத்தில் எழுதித் திருப்பி அனுப்பினார். பத்திரத்தைச் சபையில் வாசிப்பதற்கு ஒப்புக்கொண்டிருந்த முந்தைய தலைவர், அன்று மாலை தொண்டை கட்டிக்கொண்டதாகச் சொல்லியனுப்பினார்.