சித்தப்பா இப்போது எங்கே? பாதயாத்திரைப் பின்தொடரியல்: ஓர் அறிமுக ஆய்வு

தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போகிறவர்களைப் பற்றி எழுதியவர்கள் ஏராளம். நகரத்தார் காவடி தலைமுறை தலைமுறையாகப் போய்வரும் வழி, காவடி வகைகள், வழிநடைப் பாட்டு, அன்னதானப் பந்தல் என்று எதையும் விட்டுவைக்கவில்லை. ஆனால் ஒருவர் நடக்கக் கிளம்பினால் வீட்டில் ஒன்பது பேர் உட்கார்ந்த இடத்திலேயே கூட நடக்கிறார்களே, அவர்களைப் பற்றி ஆய்வுலகம் இதுவரை வாய் திறக்கவில்லை. இக்குறையைப் போக்க எழுந்ததே இக்கட்டுரை. துறைக்குப் ‘பின்தொடரியல்’ என்று பெயர் வைத்திருக்கிறோம். இதற்கென எந்தப் பல்கலைக்கழகத்திடமும் நல்கை பெறவில்லை. கேட்டிருந்தாலும் கொடுத்திருக்க மாட்டார்கள்.

ஆய்வுக்களம், காரைக்குடியில் ஒரு கூட்டுக்குடும்பம். நடப்பவர் சித்தப்பா. தெருமுனையில் தயிர் வாங்கக்கூட ஸ்கூட்டரை எடுக்கிற மனிதர், மாலை போட்டுவிட்டால் 160 கிலோமீட்டருக்கு மேல் செருப்பில்லாமல் நடக்கத் துணிந்துவிடுவார். குன்றக்குடி, திருப்பத்தூர், சிங்கம்புணரி, கொட்டாம்பட்டி, நத்தம், கோபால்பட்டி, சாணார்பட்டி, திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம், ஒட்டன்சத்திரம், சத்திரப்பட்டி, ஆயக்குடி, அப்புறம் பழனி. எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு வாய்ப்பாட்டுக்கு முன்பே இந்த வரிசை மனப்பாடம். மணிக்கு 4 கிலோமீட்டர் என்று போட்டால் 40 மணி நேரத்துக்குமேல் நடக்க வேண்டும். வெயில் நேரத்தில் படுத்து, இரவிலும் விடியலிலும் நடந்து நாலைந்து நாளில் போய்ச் சேர்பவர்கள் உண்டு. காவடியோடு கூட்டமாகப் போனால் இன்னும் கூடும்.

பின்தொடரியலின் வரலாறு இரண்டே காலங்களைக் கொண்டது. ஒன்று தகவல் இல்லாத காலம். மற்றது தகவல் தாங்க முடியாத காலம். முதலாவதில் வீட்டுக்காரர்களுக்குக் கிடைத்த ஒரே கருவி, முந்தின வருஷம் நடந்தவரின் ஞாபகம்: “இன்னைக்கு மூணாம் நாளா? அப்ப நத்தம்.” கெட்ட சேதிக்குத்தான் தந்தி. தந்தி வராதவரை ஆள் நடந்துகொண்டிருக்கிறார் என்று பொருள். பிறகு எஸ்டிடி பூத் வந்தது. திண்டுக்கல்லில் ஒரு பூத்துக்குள் நுழைந்து, சிவப்பு எண்கள் ஏறுவதையே பார்த்தபடி, “நல்லா இருக்கேன், வச்சிர்றேன்” என்று ஒரே மூச்சில் சொல்லி முடிப்பார்கள். அந்த ஒரு வாக்கியம் வீட்டுக்கு இரண்டு நாளைக்குத் தாங்கும். தந்தியும் 2013 ஜூலையோடு நின்றது.

இரண்டாம் காலத்தின் தொடக்கம் 2017. வாட்ஸ்அப்பில் ‘லைவ் லொகேஷன்’ வந்த ஆண்டு. கால் மணி, ஒரு மணி, எட்டு மணி என்று மூன்று அளவுகளில் ஒருவர் தம் இருப்பிடத்தைப் பிறருக்குக் காட்டிக்கொண்டே இருக்கலாம். சித்தப்பா ராத்திரி எட்டுக்கு அழுத்தினால் விடிகாலை நாலுக்குத் தீர்ந்துபோகும். அது தீர்வதைக் கண்விழித்துப் பார்க்க வீட்டில் ஒருவர் இருப்பார் என்பதை இதைச் செய்தவர்கள் யோசித்திருக்க மாட்டார்கள். எங்கள் களத்தில் அது சித்தி. சித்தி அசந்தாலும் கவலையில்லை. இங்கே நாலு மணி என்றால் சிங்கப்பூரில் ஆறரை. அங்கிருக்கும் மகன் பல் துலக்கியபடி, “அப்பா லொகேஷன் கட்டாயிருச்சு” என்று குடும்பக் குழுவில் போட்டுவிடுவான். பின்தொடரியலில் இரவுப் பணி வெளிநாட்டுக் கிளையுடையது.

தரவின் துல்லியம் பற்றிச் சற்று விரிவாகப் பேச வேண்டும். ஏறத்தாழ 20,000 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களில் குறைந்தது நாலின் சமிக்ஞை கிடைத்தால்தான் ஜிபிஎஸ் ஓர் ஆளின் இடத்தைச் சரியாகக் கணிக்கும். 2000 மே மாதம் வரை, பொதுமக்களுக்குக் கிடைத்த சமிக்ஞையில் அமெரிக்க அரசு வேண்டுமென்றே பிழையைக் கலந்து வைத்திருந்தது. இடம் 100 மீட்டர் வரை தள்ளிக் காட்டும். பிறகு அதை நீக்கிவிட்டார்கள். அவர்கள் நீக்கிய பிழையைச் சித்தப்பா வாய்மொழியாகத் திரும்பச் சேர்க்கிறார் என்பது இவ்வாய்வின் முதல் கண்டுபிடிப்பு. சாணார்பட்டியில் டீ குடித்துக்கொண்டே, “திண்டுக்கல் வந்தாச்சு” என்பார். அங்கிருந்து இன்னும் மூன்று மணி நேரமாவது நடக்க வேண்டும். சித்திக்கு இது தெரியும். சொன்ன ஊரிலிருந்து ஓர் ஊரைக் கழித்துக்கொள்வது அவருடைய சூத்திரம். எந்தச் செயற்கைக்கோளும் இதற்கு மேல் கிட்ட வந்ததில்லை.

கருவியின் பிழை வேறு வகை. தகரக் கொட்டகையிலோ கான்கிரீட் மண்டபத்திலோ படுத்துவிட்டால் சமிக்ஞை தடுமாறி, ஆள் அசையாதிருக்கும்போதே வரைபடத்தில் அவரைக் காட்டும் வட்டம் அங்கும் இங்கும் நகரும். ஒரு பிற்பகல் சித்தப்பா சிங்கம்புணரிப் பக்கம் ஒரு கண்மாயின் நட்டநடுவில் அரை மணி நேரம் இருந்தார். தை மாதம், தண்ணீர் கிடக்கும் காலம். சித்தப்பாவுக்கு நீச்சல் தெரியாது. அவர் கரையோரத்து மண்டபத்தில் குறட்டை விட்டுக்கொண்டிருந்த செய்தி, நாலு பேர் மாற்றி மாற்றிக் கூப்பிட்டு அவரை எழுப்பிய பிறகே தெரியவந்தது. முதல் நாள் ராத்திரி முழுக்க நடந்தவருக்குக் கிடைத்த தூக்கம் அவ்வளவுதான்.

இத்துறையில் இனி மேற்கோளாக நிற்கப்போவது ‘நத்தம் நிகழ்வு’. மூன்றாம் நாள் மாலை வரைபடத்தில் சித்தப்பாவின் வட்டம் (கல்யாண வரவேற்பில் கோட்டு போட்டு எடுத்த படம்) நத்தத்தை விட்டுக் கிளம்பியது. டீ ஆறுவதற்குள் கோபால்பட்டி. பெரியப்பா ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார்; கால்குலேட்டரை எடுத்தார். மணிக்கு 40 கிலோமீட்டர். உசைன் போல்ட் 2009இல் பெர்லினில் தொட்ட உச்ச வேகமே 44 கிலோமீட்டருக்குச் சற்று மேல். அதுவும் ஓட்டத்தின் நடுவே ஒரு கட்டத்தில் மட்டும். கால் முழுக்கக் கொப்புளத்தோடு சித்தப்பா அதே வேகத்தைத் திண்டுக்கல் வரை விடாமல் காப்பாற்றினார்.

வீடு இரண்டு கட்சியானது. “பஸ்ஸுல ஏறிட்டாக. முருகா, நீதான் பொறுத்துக்கணும்” என்று சித்தி மஞ்சள் துணியில் காசை முடிந்து சாமி படத்தடியில் வைத்தார். “ஏறினா ஏறிட்டுப் போறான். புள்ளைக்குக் கால் வலிச்சிருக்கும்” என்றார் அப்பத்தா. விரதம், தாய்மை என்ற இரு தரப்பு வாதங்களும் இரவு வரை நடந்தன. சிங்கப்பூர்க் கிளை, “அப்பா எப்பவும் இப்படித்தான்” என்று கருத்துச் சொல்லி எந்தத் தரப்பிலும் சேராமல் நின்றது. எட்டரைக்கு வேறொருவர் எண்ணிலிருந்து கூப்பிட்டார் சித்தப்பா. போன் பையில் இருக்கிறதாம். பை, கூட்டத்தின் மூட்டைகளை அடுத்த தங்கலுக்கு ஏற்றிப்போகும் குட்டியானையில் இருக்கிறதாம். குட்டியானை திண்டுக்கல் போய்விட்டதாம். அவர் மட்டும் கோபால்பட்டிக்கு முன்னால் ஒரு புளியமரத்தடியில், பாதத்தில் தேங்காய் எண்ணெய் தடவியபடி இருக்கிறாராம். சித்தி ஒன்றும் பேசவில்லை. முடிந்த காசை அவிழ்க்கவும் இல்லை. எதற்கும் இருக்கட்டும் என்றார்.

இதிலிருந்து பெறப்படுவது, நாம் பின்தொடர்வது ஆளை அல்ல, போனை என்பது. இதை ஒப்புக்கொண்ட பின்னும் யாரும் போனைக் கீழே வைப்பதில்லை. தகவல் கூடினால் கவலை குறையும் என்பது இவ்வாய்வின் தொடக்கக் கருதுகோள். அது முதல் நாளே விழுந்துவிட்டது. தந்திக் காலத்தில் கவலைப்பட ஒரு காரணம் வேண்டியிருந்தது. இப்போது வட்டம் நின்றால் ‘என்னாச்சு’, ஓடினால் ‘பஸ்ஸா’, காணாமல் போனால் ‘சார்ஜ் இல்லையா’, சீராக நகர்ந்தால் ‘இப்படி ஓய்வில்லாம நடக்கணுமா’.

மாற்றுமுறை ஒன்றையும் பதிவுசெய்தாக வேண்டும். அப்பத்தா போனைப் பார்ப்பதில்லை. தைப்பூசம் பௌர்ணமியை ஒட்டி வருவது. ஆகவே நடக்கிறவர் பழனியை நெருங்க நெருங்க நிலாவும் வளரும். அந்தி சாய்ந்ததும் அப்பத்தா திண்ணைத் தூணைப் பிடித்துக்கொண்டு வானத்தைப் பார்ப்பார். “நேத்தைக்கு இப்ப வேப்பமரத்துக்கு மேல நின்னுச்சு. இன்னைக்கு இன்னும் கிழக்க நிக்குது. இன்னும் ரெண்டு ராத்திரிதான். ஒட்டன்சத்திரம் தாண்டியிருப்பான்.” நிலா நாளுக்குச் சராசரியாக 50 நிமிஷம் பிந்தி உதிக்கிறது என்கிறது வானியல், அப்பத்தாவுக்கு அந்தக் கணக்கு வேப்பமரக் கிளைகளில் இருக்கிறது. சரிபார்த்ததில் சித்தப்பா அப்போது ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தைக்குச் சற்று அப்பால் இருந்தார். இம்முறைக்குச் சார்ஜ் வேண்டாம், குட்டியானையும் இதைக் குழப்பாது. மேகமூட்டம் ஒன்றே குறை.

கேள்விகளின் உள்ளடக்கத்துக்கு வருவோம். வீட்டிலிருந்து போகும் அழைப்புகளில் முதல் கேள்வி எப்போதும் “சாப்பிட்டீகளா?” இதைப்போல் தேவையில்லாத கேள்வி வேறில்லை. பூச சமயத்தில் அந்தச் சாலையில் பட்டினி கிடப்பதுதான் கடினம். ஒரு பந்தலில் பொங்கல், அடுத்ததில் எலுமிச்சைச் சாதம், கொஞ்சம் தள்ளி மோர், அப்புறம் சுக்குக் காபி, பிஸ்கட், தர்ப்பூசணி. வேண்டாமென்றால் கையைப் பிடித்து இழுப்பார்கள். “சாப்பிடாம ஒரு கிலோமீட்டர் நடக்க விடமாட்டேங்குறாங்க” என்பதுதான் சித்தப்பாவின் ஒரே புகார். இரண்டாம் கேள்வி “தூங்கினீகளா?” தூங்க விடாதவர்களே கேட்பது. மூன்றாவது, “கால் எப்படி இருக்கு?” உண்மை சொன்னால் வீடு தாங்காது, ஆகவே “பரவாயில்லை” என்ற ஒரே பதில்.

கேட்கப்படாத கேள்வி ஒன்று உண்டு. இவ்வாய்வில் சிரிப்புக்கு இடமில்லாத பகுதியும் அதுதான். வெயிலுக்குப் பயந்து ராத்திரியில் நடக்கிறார்கள். விளக்கில்லாத நீண்ட சாலை. லாரியும் அரசுப் பேருந்தும் அதே சாலையில். நடந்து நடந்து மயங்கும் கண்ணும், ஸ்டியரிங்கில் மயங்கும் கண்ணும் ஒரே நேரத்தில் சந்திக்கக் கூடாது. இதற்காகத்தான் காவல்துறையும் தன்னார்வலர்களும் வழியில் நின்று, நடப்பவர்களின் பையிலும் முதுகிலும் ஒளிரும் பட்டையை ஒட்டி அனுப்புகிறார்கள். முகப்பு விளக்கு பட்டதும் தூரத்திலிருந்தே மின்னும். பையோடு குட்டியானை போய்விட்டால் பையில் ஒட்டிய பட்டையும் போய்விடும். ஆகவே சட்டையிலும் ஒன்று வேண்டும், கைத்தடியிலும் ஒன்று.

அடுத்த பூசத்துக்கு உங்கள் வீட்டிலிருந்தும் யாராவது கிளம்பலாம். அவரோடு நடக்கும் இன்னொருவரின் எண்ணையும் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். பகலில் கூப்பிடாதீர்கள், அது அவர்கள் தூங்கும் நேரம். அந்தியில் ஒரு தடவை கூப்பிட்டு, முதுகில் பட்டை ஒட்டியாச்சா, எதிரே வரும் வண்டி கண்ணில் படும்படி வலது ஓரமாக நடக்கிறாரா என்று மட்டும் கேளுங்கள். சாப்பாட்டைப் பற்றிக் கேட்க வேண்டாம்.